போய்க் கேட்டவர் திரும்பி வந்து சொல்ல வேண்டும்

செங்கலடிச் சந்தியிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால் கொம்மாதுறை, அதைத் தாண்டினால் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நான் படித்ததும் அங்கேதான். யுத்தம் முடிந்த கையோடு உள்ளே போய், கலை கலாசார பீடத்தில் படித்து, பீட மாணவர் ஒன்றியத்தின் செயலாளராகவும் இருந்தேன். இப்போது செங்கலடியில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன்.

வருடா வருடம் வெட்டுப்புள்ளி வெளியானதும் பிள்ளைகள் தேடி வருவார்கள். எந்தப் பாடம் எடுக்கலாம், விடுதி கிடைக்குமா, பகிடிவதை இருக்குமா என்று கேட்பார்கள். எல்லோரும் போன பிறகும் ஒரு பிள்ளை மட்டும் வாசலில் நின்று, "மிஸ், ஒன்றியத்துக்கெல்லாம் எப்பிடி வாறது?" என்று கேட்கும். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வதை ஆறுதலாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாணவர் தலைமை என்பது மூன்று வேலை. மாணவரின் குறையைக் கேட்பது ஒன்று. அதைத் தீர்க்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோய்க் கேட்பது இரண்டு. அங்கே கிடைத்த பதிலைத் திரும்பி வந்து அந்த மாணவரிடமே சொல்வது மூன்று. முதல் இரண்டையும் பலர் செய்வார்கள். மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஒருவரை நம்பலாமா இல்லையா என்று பிள்ளைகள் தீர்மானிப்பது அந்த மூன்றாவது வேலையை வைத்துத்தான். இதற்குக் கீழே நான் எழுதுவதெல்லாம் அதை ஒட்டியதுதான்.

முதல் வருடம்: மைக்கைத் தேடாதீர்கள்

புதிதாக வந்தவுடன் மேடையில் ஏற வேண்டுமென்ற ஆசை வரும். பாடசாலையில் மாணவர் தலைவராக இருந்தவர்களுக்கு அது இன்னும் கூட. கொஞ்சம் பொறுங்கள். முதல் வருடத்தில் செய்ய வேண்டிய வேலை ஆட்களை அறிவது. பெட்சில் இருக்கும் பிள்ளைகளின் பெயர், ஊர், தங்கியிருக்கும் இடம், வீட்டு நிலைமை இவற்றைக் கதைத்துக் கதைத்து அறிய வேண்டும். விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பிரச்சினை, வெளியே வாடகை அறையில் இருக்கும் பிள்ளைக்கு வேறு பிரச்சினை, தினமும் வாழைச்சேனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைக்கு இன்னொரு பிரச்சினை. மூன்றையும் அறியாதவர் எல்லோருக்காகவும் பேசுகிறேன் என்று சொல்ல முடியாது.

அடுத்தது, பெட்ச் பிரதிநிதி என்ற சிறிய பொறுப்பை ஏற்றுப் பாருங்கள். விரிவுரை நேரம் மாறியதை எல்லோருக்கும் அறிவிப்பது, பாடக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுப்பது, சுகமில்லாமல் வராத பிள்ளைக்கு அன்றைய விடயத்தைச் சொல்வது என்று ஒருவர் கண்ணுக்கும் படாத வேலைகள் இவை. ஒரு தகவல் எங்கே தடைப்படுகிறது, யாருக்கு எப்போதும் கடைசியாகப் போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் இங்கேதான் விளங்கும். என் பெட்சில் கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல நான் விடுதி அறை அறையாக நடந்திருக்கிறேன். பின்னாளில் எனக்கு விழுந்த வாக்குகள் அந்த நடையில் கிடைத்தவை.

எந்தக் கதவு எந்தக் காரியத்துக்கு

பல்கலைக்கழகம் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் தலைமை செய்ய முடியாது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் நடப்பவை. மாணவர் ஒன்றியத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் ஒன்றியத்துக்கென்று ஒரு யாப்பு இருக்கும். செயலாளராக வருகிறவர் அதை ஒருமுறையாவது முழுதாக வாசிக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது, "இது எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டால் பக்கத்தை எடுத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடநெறி, பரீட்சை சம்பந்தமான விடயம் பீடச் சபை வழியாக மூதவைக்குப் போகும். நிதி, கட்டடம், நியமனம் போன்றவை பேரவையின் கையில். விடுதி விடயத்துக்கு விடுதிக் காப்பாளர், ஒழுக்கம் சார்ந்த விடயத்துக்கும் மனக்கஷ்டத்துக்கும் மாணவ ஆலோசகர், கடிதப் போக்குவரத்துக்குப் பதிவாளர் கிளை. பரீட்சைத் திகதி பற்றிய கோரிக்கையைத் துணைவேந்தரின் வாசலில் நின்று கோஷமாகக் கேட்டால் அவரும் அதைப் பீடத்துக்குத்தான் அனுப்புவார். முதலிலேயே பீடாதிபதியிடம் போனால் ஒரு வாரம் மிச்சம்.

மகாபொல உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல நிதியத்திலிருந்து வருவது அது. தெரிவுப் பட்டியல் கொழும்பில் தயாராகிறது. "காசு எப்ப வரும்?" என்று கேட்டு வரும் பிள்ளைக்கு, நம் அலுவலகத்து எழுதுவினைஞரில் கோபப்பட்டுப் பயனில்லை என்பதை நீங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இலக்கம் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா என்று அந்தப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். பல தடவை தடங்கல் அங்கேதான் இருக்கும்.

மகஜர் எழுதும் முறை

நான் செயலாளராக இருந்த காலத்தில், பின்நேர விரிவுரை முடிந்து இருட்டும் நேரத்தில் வீட்டுக்குப் போகும் மாணவிகளை ஏற்றாமலேயே பஸ்கள் போவது பெரிய கஷ்டமாக இருந்தது. கை காட்டினாலும் நிற்காது. றோட்டுக்கரையில் பிள்ளைகள் பயத்தோடு நிற்பார்கள். சிலர் பஸ்ஸை மறிப்போம் என்றார்கள். நாங்கள் முதலில் ஒரு கொப்பியை எடுத்தோம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போன பஸ் நிற்கவில்லை, எத்தனை பேர் நின்றார்கள் என்று பிள்ளைகளைக் கொண்டே குறித்து வைத்தோம். பிறகு அதை ஒரு மகஜராக எழுதி உரிய அதிகாரியிடம் கொண்டுபோனோம். அவர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, "பொதுவாச் சொல்லாதீங்க" என்று சொல்ல வாய் எடுத்தார். அட்டவணையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குறித்த நேரத்தில் பஸ்கள் நின்று போகும்படி சொல்வதாக ஏற்றுக்கொண்டார். அன்று பின்னேரமே நாங்கள் றோட்டுக்கரைக்குப் போய், நின்ற பிள்ளைகளிடம் அவர் சொன்னதைச் சொல்லி, பஸ் நிற்கிறதா என்று தொடர்ந்து குறிக்கச் சொன்னோம். கொஞ்ச நாளில் பஸ்கள் நிற்கத் தொடங்கின.

அதில் நான் கற்றுக்கொண்ட சில:

மகஜர் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஒரு மகஜரில் ஒரே கோரிக்கை. பத்துக் கோரிக்கைகளை ஒன்றாக வைத்தால், இலகுவானது எதுவோ அதைச் செய்துவிட்டு, உங்கள் மகஜருக்குப் பதில் தந்தாயிற்று என்பார்கள்.

பிரச்சினை என்ன, யார் பாதிக்கப்படுகிறார்கள், என்ன செய்ய வேண்டும், எந்தத் திகதிக்கு முன் என்ற நான்குக்கும் மகஜரில் விடை இருக்க வேண்டும்.

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "அப்படியொரு கடிதம் வரவே இல்லை" என்ற கதைக்கு அந்த முத்திரைதான் பதில்.

மரியாதை குறையாமல் எழுதுங்கள். நாளைக்கும் அதே அறைக்குப் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, அந்த அறையிலிருந்து வெளியே வந்த அன்றே விளம்பரப் பலகையில் போடுங்கள்: யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது கேட்போம். பதில் "முடியாது" என்றாலும் போடுங்கள். முடியாது என்ற செய்தியைக் கேட்டுப் பிள்ளைகள் கோபப்படுவார்கள், பிறகு ஆறிவிடுவார்கள். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அந்தக் கோபம் உங்கள்மேல் திரும்பி அங்கேயே தங்கிவிடும்.

பகிடிவதை: முதல் சோதனை

புதிய பெட்ச் வரும் நாட்களில்தான் ஒரு மாணவர் தலைவரின் உண்மையான குணம் தெரியும். "எங்களுக்குச் செய்தாங்க, நாங்களும் செய்யத்தானே வேணும்" என்ற பேச்சு எந்தப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அதற்கு எதிராக நிற்பது சொந்த நண்பர்களுக்கு எதிராக நிற்பது. அதனால்தான் கஷ்டம்.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையில் உடல் பாதிக்கப்பட்டு உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் 10 ஆண்டு வரை. ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வர இருந்த பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலைமை இது. இதை நான் சீனியர் மாணவர்களுக்கு நேரே வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

சட்டத்தைச் சொல்வது மட்டும் போதாது. "இதைச் செய்யாதே" என்று தடுக்கும்போது அதே நேரத்துக்கு வேறு வேலையும் இருக்க வேண்டும். புதிய பிள்ளைகளுக்கு நூலகத்தைக் காட்டுவது, கன்ரீனில் முதல் தேநீரைச் சீனியர் வாங்கிக் கொடுப்பது, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையைப் பின்நேரத்தில் தமிழில் விளங்கப்படுத்துவது என்று நாங்கள் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தோம். எல்லோரும் மாறவில்லை. மாறியவர்கள் அடுத்த வருடம் எங்களோடு நின்றார்கள். ஒரு ஜூனியர் பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் அதை ஒன்றியத்துக்குள் மூடி வைக்காதீர்கள். மாணவ ஆலோசகரிடம் அந்தப் பிள்ளையோடு கூடவே போங்கள். பிறகு என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள்.

மூன்று சமூகம், மூன்று மொழி

வந்தாறுமூலை வளாகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். செங்கலடிக்கு ஒரு பக்கம் ஏறாவூர், மறுபக்கம் சித்தாண்டி. பதுளை வீதியால் போனால் கரடியனாறு, புல்லுமலை, பிறகு மகாஓயா. இந்த ஊர்களுக்கிடையில் என்னென்ன நடந்தன என்பது எங்கள் எல்லோருடைய வீட்டிலும் தெரியும். அந்தக் கதைகளோடுதான் ஒவ்வொரு பிள்ளையும் வளாகத்துக்குள் வருகிறது. எனவே இங்கே தலைமைக்கு வருகிறவர் ஒரு சமூகத்தின் தலைவராக மட்டும் நின்றுவிட்டால் பாதி மாணவர்களுக்குப் பேச ஆளில்லாமல் போய்விடும்.

இதற்குப் பெரிய பேச்சு தேவையில்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கூட்டம் வைக்காதீர்கள், ஜும்ஆ நேரம் அது. நோன்பு மாதத்தில் பின்நேரக் கூட்டத்தை இப்தாருக்கு முன் முடித்துவிடுங்கள். போயா தினத்திலும் பெரிய கோயில் திருவிழா நாளிலும் எதையும் வைக்காதீர்கள். அறிவித்தல் மூன்று மொழியிலும் இருக்கட்டும். எங்கள் காலத்தில் ஒரு குருநாகல் மாணவி எங்கள் அறிவித்தல்களைச் சிங்களத்தில் எழுதித் தந்தார். அவருக்கு நான் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். என்னுடைய சிங்களம் உடைந்த சிங்களம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு இரவில் வயிற்றுவலி என்று சொல்லும்போது, அதைக் கேட்டு விளங்கிக்கொள்ள அந்த உடைந்த மொழி போதுமாக இருந்தது.

கூட்டத்தில் ஒருவர் தன் மொழியில் பேசினால், அவர் பேசி முடித்ததும் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். எனக்கு விளங்காமல் முடிவு எடுத்தார்கள் என்று ஒரு பிள்ளை சொல்லும்படி எந்த முடிவையும் எடுக்கக்கூடாது.

பெண்பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம்

என் பீடத்தில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். பதவிகளில் அது தெரியாது. ஏன் என்று பார்த்தால், முக்கியமான முடிவுகள் இரவில் ஆண்கள் விடுதியில் கதைக்கப்பட்டுவிடும். காலையில் நடக்கும் கூட்டம் அதற்குக் கை உயர்த்துவதற்கு மட்டும். நான் செயலாளராக வந்ததும் கேட்டு வாங்கிய முதல் விடயம், நிறைவேற்றுக் குழுக் கூட்டம் பகலில், விரிவுரை மண்டபத்தில் நடக்க வேண்டும் என்பது. அந்த ஒன்று மாறியதும் பேசாதிருந்த மாணவிகள் பேசத் தொடங்கினார்கள். விடுதித் தண்ணீர், வீதி வெளிச்சம், மாதவிடாய் நாட்களுக்கான வசதி போன்றவை அதன் பிறகுதான் நிகழ்ச்சி நிரலில் ஏறின.

தலைவராக விரும்பும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. வீட்டில், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்பார்கள். சண்டை பிடிக்காதீர்கள். அம்மாவையும் அப்பாவையும் ஒருநாள் வளாகத்துக்குக் கூட்டிவந்து, உங்களோடு வேலை செய்பவர்களை அறிமுகப்படுத்துங்கள். என் அம்மா எங்கள் தலைவரைப் பார்த்து, "தம்பி, புள்ளய இருட்ட முதல் அனுப்பிருங்க" என்று சொன்னார். அவர் அதைக் கடைசி வரை காப்பாற்றினார். அதற்குப் பிறகு வீட்டில் தடையில்லை.

வெள்ளம் படிப்பித்தது

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. முந்தனை ஆறு பெருகி, சித்தாண்டி, கிரான் பக்கமெல்லாம் வயலும் வீடும் தண்ணீருக்குள். சனங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் இருந்தார்கள். மாணவர்கள் நாங்கள் உலர் உணவும் உடுப்பும் சேர்த்துக்கொண்டு போனோம்.

போகுமுன் கிராம உத்தியோகத்தரைச் சந்தித்துப் பட்டியல் வாங்கினோம். இது மிக முக்கியம். பட்டியல் இல்லாமல் போனால் றோட்டுக்கரையில் இருப்பவர்களுக்கு மூன்று தடவை கிடைக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு முகாமில் நான் குடும்ப விபரம் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு வயது போன அம்மா சொன்னார்: "எழுதித்துப் போன ஆக்கள் நிறைய மகள். திரும்பி வந்த ஆக்கள் ஒருத்தருமில்ல."

அந்தச் சொல்லைக் கேட்டபிறகு நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். யாரிடம் எதை எழுதிக்கொண்டு போனாலும், கொண்டுவர முடிந்தாலும் முடியாவிட்டாலும், திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். பால்மா கேட்ட தாயிடம் போய், "பால்மா கிடைக்கல்ல அம்மா, சமபோஷாதான் கிடைச்சது" என்று சொன்னோம். அவர் வாங்கிக்கொண்டு எங்களை இருக்கச் சொன்னார். பிறகு ஒன்றியத்திலும் இதையே வழக்கமாக்கினோம்.

வளாகம் என்பது மதிலுக்குள் முடிந்துவிடுவதில்லை. சுற்றியுள்ள ஊர்தான் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிறது, சோற்றுப் பார்சல் விற்கிறது, அந்தரம் ஆபத்துக்கு ஓட்டோ பிடித்துத் தருகிறது. ஊரோடு முறிந்துகொண்ட மாணவர் ஒன்றியம் நெடுநாள் நிற்காது.

காசும் கணக்கும்

நிவாரணம், ஒன்றுகூடல், விளையாட்டுப் போட்டி, மலர் வெளியீடு என்று எதற்குக் காசு சேர்த்தாலும் கணக்கை விளம்பரப் பலகையில் ஒட்டுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவு இருக்கவே கூடாது. வங்கிக் கணக்கில் குறைந்தது இருவரின் ஒப்பம் வேண்டும். நல்ல தலைவர்கள் பெயர் கெட்டுப் போனதில் பெரும்பங்கு திருட்டால் வந்ததில்லை, எழுதாத கணக்கால் வந்தது. காசு தந்தவருக்கு அது எங்கே போனது என்று சொல்வதும் திரும்பி வந்து சொல்லும் வேலைதான்.

மற்றவரை மேடையேற்றுங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்புக் கூத்தையும் நாடகத்தையும் கற்பித்து ஒரு பரம்பரையையே உருவாக்கினார். கூத்துக் களரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அண்ணாவியார் மத்தளத்தோடு ஓரத்தில் நிற்பார். ஆடுகிறவர்தான் வெளிச்சத்தில். தாளம் பிசகினால் அதைச் சரிப்படுத்துவது அண்ணாவியாரின் கை. மாணவர் தலைவரும் அப்படி நின்றால் அடுத்த வருடத்துக்கு ஆள் வளரும். கூச்சமுள்ள பிள்ளையிடம் நன்றியுரையைக் கொடுங்கள். நன்றாக எழுதும் பிள்ளையிடம் அறிக்கையைக் கொடுங்கள். சிங்களம் தெரிந்தவரை அதிகாரியோடு கதைக்க முன்னுக்கு விடுங்கள். எல்லாவற்றையும் தானே செய்கிற தலைவர் பதவி முடிந்து போகும்போது ஒன்றியமும் அவரோடு போய்விடும்.

இந்த மண்ணின் பாரம்

வந்தாறுமூலையில் தலைமை செய்ய வருகிறவர் இந்த வளாகத்தின் வரலாற்றை அறியாமல் வரக்கூடாது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான சனங்கள் பல்கலைக்கழகத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே முகாமைப் பொறுப்பேற்று நடத்தினார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி படையினர் அங்கிருந்து 158 பேரைக் கூட்டிச் சென்றார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அதே மாதம் 23ஆம் திகதி மேலும் 16 பேர். முகாமை நடத்தியவர்கள் பெயர்களை எழுதி வைத்தார்கள், எழுத்தில் கேட்டார்கள், பின்னர் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முன் சாட்சியமும் சொன்னார்கள். அவர்களும் பயத்தோடு வாழ்ந்தவர்கள்தான். ஆனாலும் கேட்டார்கள். 2006 டிசெம்பர் 15ஆம் திகதி எங்கள் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார்.

இதை எழுதுவது பயமுறுத்த இல்லை. இங்கே ஒரு தலைவர் சொல்லும் சொல்லுக்கு மற்றவர்களின் உயிரும் எதிர்காலமும் விலையாகப் போயிருக்கின்றன. அதனால் உணர்ச்சியில் ஒரு பெட்சையே றோட்டுக்கு இறக்குமுன் நிதானமாக யோசியுங்கள். வெளியிலிருந்து அரசியல் கட்சிகள் வரும், உதவியும் தரும். யாரோடும் கதைக்கலாம். ஆனால் ஒன்றியத்தின் முடிவு ஒன்றியத்தின் கூட்டத்தில்தான் எடுக்கப்பட வேண்டும். நினைவேந்தலைக் கண்ணியத்தோடு செய்யுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களை மேடைக்கு அலங்காரமாக ஆக்காதீர்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

மாணவர்கள் சமூகத்தைத் திருத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் யாழ்ப்பாணத்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, பின்னர் வாலிபர் காங்கிரஸாக மாறிய அமைப்பு, ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் வழிநடத்தலில் சாதி ஏற்றத்தாழ்வுக்கு எதிராகப் பேசியது, 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது, 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி கேட்டது. அந்தப் பகிஷ்கரிப்புச் சரியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். சாதியைப் பற்றிப் பேச வாய் திறந்தது சரி என்பதில் விவாதமில்லை.

பகிஷ்கரிப்பைத் தொடங்குமுன்

விரிவுரைப் பகிஷ்கரிப்பு கடைசி ஆயுதம். அதை எடுக்குமுன், மகஜர் கொடுத்தீர்களா, சந்தித்தீர்களா, பதிலுக்குத் தவணை கொடுத்தீர்களா என்று பாருங்கள். எடுத்தால், எது கிடைத்தால் நிறுத்துவோம் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். தொடங்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், முடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. முடிவில்லாமல் இழுபட்டால் பரீட்சை பிந்தும், பட்டம் பிந்தும், வேலைக்குப் போய் வீட்டைப் பார்க்க வேண்டிய பிள்ளையின் ஒரு வருடம் போய்விடும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது விடுமுறை. கூலி வேலை செய்யும் தகப்பனின் பிள்ளைக்கு அது நட்டம். பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் அன்றிரவே பொதுக்கூட்டத்துக்கு வந்து, என்ன பேசினோம், எதை விட்டுக்கொடுத்தோம் என்று சொல்ல வேண்டும்.

படிப்பு

படிப்பை விட்டுவிட்டுத் தலைமை செய்யாதீர்கள். இந்தியாவில் 2006இல் லிங்டோ குழு, மாணவர் தேர்தலில் நிற்பவருக்கு 75 சதவீத வரவு வேண்டும், தேர்தல் செலவு 5,000 ரூபாவைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. நம்மிடம் அப்படி இல்லாவிட்டாலும் அதன் நியாயம் சரியானது. விரிவுரைக்குப் போகாதவருக்கு விரிவுரையில் என்ன குறை என்று எப்படித் தெரியும்? பாடத்தில் தவறிய தலைவரின் பேச்சை விரிவுரையாளரும் கேட்கமாட்டார், ஜூனியரும் கேட்கமாட்டார். நான் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் ஒன்றிய வேலையை உபசெயலாளரிடம் எழுத்தில் ஒப்படைத்துவிடுவேன். அதனால் அவரும் வேலை பழகினார்.

பதவி முடியும்போது ஒரு கோவையை ஒப்படையுங்கள். அனுப்பிய மகஜர்கள், முத்திரை வைத்த பிரதிகள், வந்த பதில்கள், வங்கிக் கணக்கு, இன்னும் தீராத விடயங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். புதிய குழு பூச்சியத்திலிருந்து தொடங்கக்கூடாது. எங்களுக்குக் கிடைக்காத சில, எங்கள் கோவையை வைத்துப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தன.

இந்த வருடம் வந்தாறுமூலைக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒலுவிலுக்கும் போகவிருக்கும் பிள்ளைகளே, தலைவராக வேண்டுமென்றால் தேர்தல் வரும் வரை காத்திருக்காதீர்கள். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, உங்கள் பெட்சில் யாரும் கவனிக்காத ஒரு பிள்ளையின் ஒரு கஷ்டத்தைக் கேளுங்கள். உரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். கிடைத்த பதிலை, நல்லதோ கெட்டதோ, அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள். அதை நான்கு வருடமும் விடாமல் செய்கிறவருக்குப் பதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்தான் அந்த வளாகத்தின் தலைவர்.